விக்கல்காரன்

"என் வீட்டுக்காரரைக் காணோம் சார். ஆனா போன ஞாயித்துக்கிழமை வரைக்கும் அவர் குரல் வந்துச்சு" என்று அந்தப் பெண் சொன்னதுமே பட்டாசுக்குக் கை பரபரத்தது. பட்டாசு துப்பறியும் அலுவலகத்தின் உதவியாளர், பெயருக்கேற்ற அவசரக்காரி. துப்பறிவாளரோ பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். நிதானம் என்று அவருக்குச் சும்மாவா பெயர் வைத்தார்கள்?

கணவர் தவளை ஆராய்ச்சியாளர். ஆறு வார வேலையாக மலைக்காட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. அவர் கிளம்பிய அன்று இவளும் மகளும் அம்மா வீட்டில். பஸ் ஏற்றிவிட்டது கொழுந்தன். காட்டிலிருந்து வாராவாரம் அவன் போனுக்கு ஒரு குரல் பதிவு வரும். ஞாயிறன்று கொண்டுவந்து மகளுக்குப் போட்டுக் காட்டுவான். வீட்டை விற்பதில் அண்ணன் தம்பிக்குள் மனஸ்தாபம் உண்டுதான். ஆனாலும் இப்போது தாங்குவது அவன்தான் என்றாள்.

மதியமே அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனார்கள். அலமாரி முழுக்கக் கணவருக்காக அவள் கையெழுத்தில் எழுதிய தவளைக் குறிப்புகள். கொல்லையில் புது சிமெண்ட் தளம், மேலே கொடியில் துணி. அங்கிருந்த பழைய தண்ணீர்த் தொட்டியில் கொசு மொய்த்ததால், அண்ணன் கிளம்பிய மறுநாளே மண் கொட்டி மூடியதாக, அங்கே இருந்த கொழுந்தன் சொன்னான்.

அங்கேயே நின்று ஆறு பதிவுகளையும் கேட்டார்கள். ஆறும் மகளுக்கான கதைகள். பின்னால் ஒரு தவளை விடாமல் கத்தியது. கதவைத் தட்டுவது போல நாலு தட்டு, ஒரு விக்கல், மறுபடி இரண்டு தட்டு.

"ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு ஓடைக்கரையிலேருந்து அனுப்பினார் சார்" என்றான் கொழுந்தன்.

நிதானம் அவள் பக்கம் திரும்பினார். "அம்மா, இந்த தடவை அவர் குரலைக் கேக்காதீங்க. பின்னாடி கேளுங்க."

கண்ணை மூடிக் கேட்டவளின் முகம் வெளிறியது. "விக்கல்காரன்... எங்க தொட்டியில இருந்தவன். நாங்கதான் பேர் வெச்சோம்."

"ஒரே ஜாதி ஆண் தவளைங்க ஒரே மாதிரிதானே ஜோடியைக் கூப்பிடும்?" என்றாள் பட்டாசு.

"அண்ணனும் தம்பியும் ஒரே மாதிரியா பேசுறாங்க? சுதியும் வேகமும் ஆளுக்கு ஆள் மாறும்" என்றாள் அந்தப் பெண்.

நிதானம் பேனாவைச் சட்டையில் செருகினார். "ஆறு ஓடையிலயும் உங்க வீட்டுத் தவளையே கத்த முடியாது. கிளம்புறதுக்கு முன்னாடி ஆறு கதையையும் இந்தக் கொல்லையிலதான் பேசியிருக்கார். காட்டுல சிக்னல் இருக்காது, வாரம் ஒண்ணு மகளுக்குப் போட்டுக் காட்டுன்னு தம்பிகிட்ட குடுத்திருக்கார். மறுநாள் தொட்டி மூடியாச்சு. அதுக்கப்புறம் அவர் உயிரோட இருந்தார்னு சொல்ல ஒரு சாட்சியும் இல்ல. தம்பி, எந்த பஸ்ல ஏத்திவிட்டீங்க?"

கொழுந்தன் பார்வை தரைக்குப் போய் அங்கேயே நின்றது. அதைப் பின்தொடர்ந்த பட்டாசு, நெருப்பை மிதித்தவள் போல சிமெண்டிலிருந்து விலகிக் குதித்தாள்.

அந்தப் பெண் மட்டும் நகரவில்லை. கொடியில் ஆடிய மகளின் கவுனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை நாளா..." என்றாள். "அவர் மேல நின்னுதான் துணி காயப்போட்டேனா?"