அது வீட்டில் நடந்தது

நவம்பர் பதினேழாம் நாள். விடியற்காலையில் தொடங்கிய தூறல் மாலையிலும் ஓயவில்லை. காற்று அடியோடு நின்றுவிட்டிருந்தமையால் மழைநீர் சன்னல் கண்ணாடியில் வழிந்தோடாமல் துளித்துளியாக அப்பிக் கிடந்தது.

அந்த மங்கிய வெளிச்சத்தில்தான் மருத்துவர் தம் இடது குதிகாலருகே அந்த நூலைக் கண்டார்.

கறுப்பு நூல். காலில் இரத்தம் தேங்காமலிருக்க மாட்டிய அழுத்தக் காலுறையின் விளிம்பிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு வெளியே நீண்டிருந்தது. காலுறையோ வெள்ளை. அறுவைக் காயமோ முழங்காலின் முன்புறத்தில் இருந்தது. அதுவும் நூலால் தைக்கப்பட்டதன்று, உலோகக் கொக்கிகளால் மூடப்பட்டது. ஆகவே குதிகாலில் கறுப்பு நூலுக்கு வேலையே இல்லை. அவர் சிரமப்பட்டு முன்குனிந்து, இரு விரல்களால் அதைப் பற்றி மெல்ல இழுத்தார்.

கெண்டைக்காலின் உள்ளே ஏதோ ஒன்று, சுருக்குப்பையின் வாயைப் போலச் சுருங்கியது.

அவர் நூலை விட்டுவிட்டார்.

"என்னங்க! கொஞ்சம் மேல வாங்க."

கணவர் படியேறி வந்தார். தேநீர்க் கரண்டி இன்னும் கையில் இருந்தது.

"இந்தக் காலுறையை யார் மாட்டினது?"

"நான்தான். மாட்டுறதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்கிடுச்சு. ஏன், டாக்டரம்மா மார்க் போடப் போறீங்களா?"

"நூல் ஒண்ணு தொங்குது பாருங்க."

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக் குனிந்து பார்த்தார். "எங்க? ஒண்ணுமில்லையே. காலோட சேர்த்து கண்ணுக்கும் ஆபரேஷன் பண்ணியிருக்கலாம் போல."

கணவரின் கண்ணெதிரே நூல் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. கணவர் தமக்குத்தாமே சிரித்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

படுக்கையின் மீது மடிக்கணினி திறந்திருந்தது. மறுநாள் காலை, பல நகரங்களின் அறுவை மருத்துவர்கள் திரையில் கூடி அவருடைய உரையைக் கேட்க இருந்தார்கள். அறுவைச் சிகிச்சையையொட்டி நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்துக்கொள்ளும் நிகழ்வுகள், பத்தாண்டுகளில் எவ்வாறு மாறி வந்துள்ளன என்பதே பொருள். வரைபடத்தில் மற்ற மருத்துவமனைகளின் கோடுகள் ஏறியும் இறங்கியும் தடுமாறின; சில இடங்களில் உயர்ந்துகூட இருந்தன, ஏனெனில் புதிய ஸ்கேன் கருவிகள் முன்பு தப்பிப்போன சிறு கட்டிகளையும் காட்டிக்கொடுத்தன. அவருடைய துறையின் கோடு மட்டும் கிணற்றுப் படிகளைப் போல இறங்கி, ஏறக்குறையத் தரையைத் தொட்டிருந்தது. அந்தக் கோடுதான் அவரை இயக்குநர் நாற்காலியில் அமர்த்தப் போகிறது என்று எல்லாரும் சொன்னார்கள்.

கோடு இறங்கியதற்குக் காரணம் இரண்டே விதிகள். இரண்டையும் வகுத்தவர் அவரே.

மூட்டு மாற்றிய நோயாளி மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்விட வேண்டும். வீட்டுக்குப் போகும்போது, இரத்தம் உறையாமல் காக்கும் ஊசியை நிறுத்திவிட வேண்டும்.

முதல் விதியைக் குறித்து எல்லாரும் பாராட்டினார்கள். இரண்டாவதன் உட்பொருளை அவர் யாருக்கும் விளக்கியதில்லை. ஊசி தொடர்ந்தால் சிலருக்குக் காயத்தில் இரத்தம் கசியும். கசிந்தால் மருத்துவமனைக்குத் திரும்பி வருவார்கள். திரும்பி வந்தால் துறையின் பெயர் கெடும். ஊசியை நிறுத்தினால் காலில் உறைந்த கட்டி சிலருக்கு நுரையீரலுக்கு ஏறும். அவர்களோ பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. வீட்டில் நிகழ்ந்த மரணம் வீட்டுக்கு உரியது; கோட்டுக்கு உரியதன்று.

அவருடைய சொந்த முழங்காலும் அதே விதிப்படி மாற்றப்பட்டு, நேற்று மூன்றாம் நாளில் வீடு வந்து சேர்ந்தது. "தலைமை மருத்துவரே முன்னுதாரணம்" என்று வாசலில் நின்று படம்கூட எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது அறைக்குள் ஓர் ஒலி கேட்டது.

முதலில் மழைக்குழாயின் சொட்டு என்றே நினைத்தார். ஆனால் சொட்டுக்கு இந்த ஒழுங்கு கிடையாது. தொடங்குவது மெதுவாக, பின்பு விரைவு, பின்பு ஒரு நிறுத்தம், துணியைத் திருப்பிப் போடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு, பின்பு மீண்டும் விரைவு. எந்திர எண்ணெயும் கஞ்சி போட்ட புதுத்துணியும் கலந்த ஒரு வாடை கட்டிலின் அடியிலிருந்து மேலெழுந்து, போர்வைக்குள் நுழைந்து, அவர் முகத்தருகே வந்து நின்றது. காலால் மிதித்து ஓட்டும் தையல் எந்திரத்தின் ஒலி அது. அந்த வீட்டில் தையல் எந்திரம் இருந்ததே இல்லை.

அவருக்குத் தையல்காரியின் நினைவு வந்தது.

சென்ற மழைக்காலத்தில் மூட்டு மாற்றிக்கொண்டவள். இடது கால். வாயாடி. படுத்த இடத்திலிருந்தே செவிலியரின் பையைத் தைத்துக் கொடுத்தாள், படுக்கைத் திரையின் கிழிசலை மூட்டினாள், ஒருநாள் மருத்துவரின் வெள்ளை அங்கியைப் பார்த்து, "டாக்டர், கை மடிப்பு பிரிஞ்சு தொங்குது. ஊரையே தைக்கிறீங்க, உங்களைத் தைக்க ஆள் இல்லையா?" என்று கேட்டு, அங்கியைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். வெள்ளை நூல் தீர்ந்துபோயிருந்தது. "உள்பக்கம்தானே, யாருக்குத் தெரியப் போகுது" என்று கறுப்பு நூலால் தைத்து, முடிச்சிட்டு, பல்லால் கடித்து அறுத்தாள்.

மூன்றாம் நாள் காலை, போகும் நேரத்தில், அவள் சிரிக்கவில்லை.

"டாக்டர், கெண்டைக்கால் கல்லு மாதிரி இருக்கு. உள்ள யாரோ முடிச்சு போட்ட மாதிரி."

"ஒண்ணுமில்ல. எழுந்து நடங்க, சரியாயிடும்."

மருத்துவர் அந்தக் காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டிருந்தால் அவளை நிறுத்தி வைக்க நேர்ந்திருக்கும். நிறுத்தி வைத்திருந்தால் கோட்டில் ஒரு புள்ளி கூடியிருக்கும்.

அடுத்த வாரம் அவளுடைய தம்பி வந்தான். அவன் சத்தம் போடவில்லை. "அக்கா கதவுகிட்டயே உட்கார்ந்துட்டா டாக்டர். மூச்சு வரலடான்னா. அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில தினம் ஒரு ஊசி போட்டாங்களே, அதை ஏன் நிறுத்தினீங்க?"

"அது வீட்டுல நடந்ததுப்பா."

"அது தெரியும் டாக்டர். ஊசியை ஏன் நிறுத்தினீங்க?"

"வீட்டுல நடந்ததுக்கு நாங்க என்ன செய்ய முடியும்?"

தம்பி அவர் முகத்தையும், பிறகு அவருடைய அங்கியின் கைமடிப்பையும் பார்த்தான். "அக்கா தையல் பிரியாது டாக்டர்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்த அங்கி இப்போது அறைக் கதவின் கொக்கியில் தொங்கியது; நேற்று மற்றச் சாமான்களோடு வந்து சேர்ந்தது. மருத்துவர் தலையைத் திருப்பி அதை நோக்கினார். கைமடிப்பு பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. உள்பக்கத்தில் ஊசித்துளைகள் மட்டும் வரிசையாக இருந்தன. நூல் இல்லை.

கட்டிலின் அடியில் எந்திரத்தின் ஒலி நின்றது.

சுருக்கென்று கெண்டைக்காலில் ஒரு குத்து. ஆழமான குத்து, தோலில் அன்று, தசைக்குள். சற்று மேலே இன்னொன்று. கால் கனத்து, சூடேறி, காலுறைக்குள் விம்மியது. அவர் அழுத்திப் பார்த்தார். கல்லைப் போல இருந்தது. இந்த அறிகுறிகளை அவர் ஆயிரம் மாணவர்களுக்குக் கற்பித்திருக்கிறார். ஒவ்வொன்றும் பாடநூலில் உள்ள வரிசையிலேயே வந்தது. வேண்டியது ஒரே ஓர் ஊசி. வீட்டில் அது இல்லை.

கைபேசியை எடுத்துச் சின்ன மருத்துவரை அழைத்தார். அவரை வீட்டுக்கு அனுப்பிய உதவியாளர் அவன், அவரிடமே பயின்றவன்.

"சொல்லுங்க மேடம்! நாளைக்கு ஸ்பீச் ரெடியா?"

"எனக்கு ஊசி வேணும். ரத்தம் உறையாம இருக்கிற ஊசி. யார்கிட்டயாவது உடனே கொடுத்து அனுப்பு."

அவன் சிரித்தான்.

"டெஸ்ட் பண்றீங்களா மேடம்? வீட்டுல ஊசி கிடையாது. உங்க விதிதானே! நீங்களே கேட்டாலும் கொடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க."

"விளையாடாத. கெண்டைக்கால் கல்லு மாதிரி இருக்கு. உள்ள யாரோ முடிச்சு போட்ட மாதிரி…"

சொல்லி முடிக்கும் முன்பே அவருக்குத் தம் குரல் அந்நியமாக ஒலித்தது. சொற்கள் தம்முடையவை அல்ல.

"ஒண்ணுமில்ல மேடம்," என்றான் அவன் அன்போடு, அவரைப் போலவே குரலைத் தாழ்த்தி. "எழுந்து நடங்க, சரியாயிடும். வேணும்னா மருத்துவமனைக்கு வந்துடுங்க. ஆனா இன்னைக்கு உள்ள சேர்ந்தா நாளைக்கு உங்க கோட்டுல நீங்களே ஒரு புள்ளி மேடம்!"

இதையும் வேடிக்கையாகத்தான் சொன்னான். மருத்துவர் மடிக்கணினியைப் பார்த்தார். தரையைத் தொட்டு நிற்கும் கோடு. நாளை காலை. நாற்காலி.

"சரி," என்றார். "சும்மாதான் கேட்டேன்." கைபேசியை அவரே வைத்தார்.

எழுந்து நடப்பதே நல்லது என்று தீர்மானித்தார். நடந்தால் இரத்தம் ஓடும், ஓடினால் உறையாது. வலக்காலைத் தரையில் ஊன்றினார். இடது காலைத் தூக்கினார். கால் வரவில்லை. விரிப்பும் கூடவே எழுந்தது; மெத்தையும் சற்றே எழுந்தது. அவர் போர்வையை விலக்கினார்.

குதிகாலிலிருந்து தொடைவரை, காலின் இரு ஓரங்களிலும், நெருக்கமான, சீரான, அழகான கறுப்புத் தையல். காலுறையை ஊடுருவி, தோலை ஊடுருவி, விரிப்போடு. ஒரு தையலும் பிசகவில்லை. ஒரு சொட்டு இரத்தமும் இல்லை.

இழுத்தார். இறுகியது. மீண்டும் இழுத்தார். உள்ளே ஏதோ கழன்றது.

சிறியது. நெல்மணி அளவு. அது நகர்ந்தது. தொடையில் அதை உணர்ந்தார். இடுப்பில். வயிற்றின் ஆழத்தில். எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும்.

"என்னங்க—"

குரல் பாதியில் நின்றது.

கீழே கொதிக்கும் நீரின் ஒலி. கோப்பைகள் உரசும் ஒலி. "என்ன, சத்தமே காணோம்?" என்று கணவர் கூவினார். "தூங்கிட்டீங்களா டாக்டரம்மா? டீ ஆகப் போகுது!"

மூச்சு இழுத்தார். வந்தது பாதி. மீண்டும் இழுத்தார். வந்தது அதிலும் பாதி. விலாவில் ஊசி. நெஞ்சுக்கூட்டுக்குள் ஊசி. நகங்கள் நீலம் பாய்வதைப் பார்த்தார்.

கட்டிலின் விளிம்பில் யாரோ உட்கார்ந்தார்கள். மெத்தை அமிழ்ந்தது. எந்திர எண்ணெய். கஞ்சித் துணி.

தையல்காரி நிமிர்ந்து பார்க்கவில்லை. வேலையில் கவனமாக இருந்தாள். ஊசி மருத்துவரின் மார்பில் இறங்கியது. ஏறியது. இறங்கியது. வலி இல்லை இப்போது. இறுக்கம் மட்டும்.

"அசையாதீங்க டாக்டர்," என்றாள், பொறுமையாக. "முடிச்சு போடற நேரம்."

மருத்துவர் உதடுகளை அசைத்தார். மன்னிப்பு என்றோ, ஊசி என்றோ, தம்பியின் கேள்விக்கு ஒரு விடை என்றோ. காற்று இல்லை. சொல்லும் இல்லை.

அவளுக்குப் பின்னால் கதவு திறந்திருந்தது. படிக்கட்டின் இறக்கம்வரை ஆட்கள் நின்றார்கள். நோயாளிகளின் மருத்துவமனை அங்கி. ஒற்றைக் காலில் வெள்ளைக் காலுறை. முகங்கள் பல அவருக்குத் தெரிந்தவை. மூன்றாம் நாள் வாசலில் கைகூப்பி நன்றி சொல்லிப் போனவை. ஒவ்வொருவர் கையிலும் கறுப்பு நூல் கோத்த ஓர் ஊசி. கணவர் தட்டில் இரண்டு கோப்பைகளோடு அவர்களுக்கு நடுவே ஏறி வந்துகொண்டிருந்தார், ஒருவரையும் இடிக்காமல், ஒருவரையும் பாராமல்.

வலது கால் இன்னும் மிச்சமிருந்தது.

தையல்காரி நூலைச் சுற்றினாள். இறுக்கினாள். பிறகு மெல்லக் குனிந்து, அவர் நெஞ்சின்மேல் வாயை வைத்து, பல்லால் கடித்தாள்.

மாலை ஆறு மணி நாற்பத்திரண்டு நிமிடம். வீட்டில்.