பாப்பாத்தியின் குரல்

மைசூரில் மழை விடாமல் பெய்த ஒரு பிற்பகலில்தான் ஜீவிதா அந்தச் செருமலைக் கேட்டாள். பேச்சு தொடங்கும் முன் தொண்டையைச் சரிசெய்துகொள்ளும் சின்னச் சத்தம். எம்.டெக் ஆய்வுக்காக அவளும் வினிதாவும் கணினிக்குக் கொள்ளேகால் பக்கத்துத் தமிழைப் பேசக் கற்றுக்கொடுத்து வந்தார்கள். ஊர் ஊராகப் போய்ப் பதிவுசெய்த எந்தக் குரலிலும் அந்தச் செருமல் கிடையாது.

ஈரச் சுவரின் பூஞ்சை வாசனையும், சூடேறிய இயந்திரங்களின் நெடியும், சன்னல் தகரத்தில் மழை அறையும் ஓசையும் கலந்து கிடந்த ஆய்வுக்கூடத்தில் ஒலிபெருக்கி மறுபடி செருமியது. பிறகு மெல்லக் கேட்டது:

"சோறு உண்டயா கண்ணு?"

ஜீவிதா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். போன வருடம் சொந்த ஊர் ராமாபுரத்தில் மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்த அவள் அம்மா பாப்பாத்தியின் குரல்.

"அம்மா எனக்கு அனுப்புன வாய்ஸ் மெசேஜ் இதுக்குள்ள எப்படி வந்துச்சு?"

வினிதா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், கன்னடம் கலந்த தன் மைசூர்த் தமிழில் சொன்னாள். "நீ தூங்கறப்போ உன் போன்லேர்ந்து எடுத்தேன் கணே. டேட்டா பத்தலை. கைடு உயிர வாங்கறார்."

அம்மா போன பிறகு ஹாஸ்டல் கட்டிலில் இவளைக் கட்டிக்கொண்டு தூங்கவைத்தவள் வினிதா. அந்தக் குரலை ஜீவிதா போட்டுக்காட்டியது அவளுக்கு மட்டும்தான்.

"உன்னய நம்புனேன் வினி."

"அழிச்சுடறேன் பிடு. அழாதே."

அழித்தாள். ஜீவிதா பக்கத்திலேயே நின்று பார்த்தாள். அப்போதும் மனம் ஆறாமல் ஒலிபெருக்கியின் வயரைத் தானே பிடுங்கி எறிந்துவிட்டு, முகம் கழுவப் போனாள்.

திரும்பும்போது மின்சாரம் நின்றிருந்தது. நடையெங்கும் சாம்பல் வெளிச்சம். மழைக்கு நடுவே, மூடிய கதவுக்குப் பின்னால், பேச்சு.

"தலையெல்லாம் சிக்கு, கண்ணு."

"மெதுவாங்கம்மா. வலிக்குதுங்க."

பதில் சொன்னது வினிதா. மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள். ஆனால் அது ஜீவிதாவின் ஊர்ப் பேச்சு. ஜீவிதாவின் குழைவு.

கதவைத் தள்ளினாள். "அம்மா!"

பேச்சு நின்றது.

"ஆரு கண்ணு அது?" என்றது பாப்பாத்தியின் குரல், வினிதாவிடம். "வெளிய போகச் சொல்லு."

வினிதா திரும்பவில்லை. இருண்ட திரைக்கு முன்னால் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கண்மூடி உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில். பின்னால் யாருமில்லை.

அவிழ்ந்த கூந்தல் மூன்றாகப் பிரிந்தது. தானாக. ஒன்றின்மேல் ஒன்றாக. இறுக்கிப் பின்னிக்கொண்டே கீழே இறங்கியது.