ஜேபெஸ் ஊதிய விளக்கு

பக்கத்து வீட்டுக் கெசையாவுக்குப் பன்றிக்கறி போட்ட பட்டாணிக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். டிசம்பர் மாதம். மத்தியானம் சாய்ந்ததுமே கண்ணாடி உலைகளுக்குப் பேர்போன எங்கள் வேர்ட்ஸ்லி ஊர்த் தெருவில் இருட்டிவிட்டது. அவளுடைய ஒரே மகள் டில்லிக்குத் தொண்டை அடைப்பு. குழந்தை மூச்சுக்குத் திணறும் சத்தம் வாசல்வரை கேட்டது.

கட்டிலருகே ஜேபெஸ் செய்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜேபெஸ் கெசையாவின் புருஷன்; கோடையில் கண்ணாடி உலைக்கு முன்னால் சுருண்டு விழுந்து செத்தவன். வேலை முடிந்ததும், உலையில் மிஞ்சிய கண்ணாடியை ஊதித் தங்களுக்கென்று எதையாவது செய்துகொள்வது எங்கள் ஊர் ஆண்களின் வழக்கம். இதை அவன் மனைவிக்காக ஊதினான். மஞ்சளில் தொடங்கி ரோஜா நிறத்தில் முடியும் கூடு, உள்ளே குட்டி மெழுகுவத்தி, அடியில் முழுக்க மூடிய ஒரு கண்ணாடி உருண்டை.

"அந்த உருண்டைக்குள்ள இருக்கறது அவரு மூச்சு, அக்கா," என்றாள் கெசையா.

"உன் புருஷன் மூச்சா? அப்படின்னா ஜின் சாராய வாடைதான்டி அடிக்கும். பேசாம கஞ்சியக் குடி."

எனக்கு வாய் நீளம். அவள் சிரிக்கவில்லை.

திணறல் நின்றது.

குழந்தையின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன்.

ஒன்றுமில்லை.

"போயிட்டாடி," என்றேன்.

கெசையா விளக்கின் கூட்டையும் மெழுகுவத்தியையும் கழற்றி வைத்தாள். உருண்டையை டில்லியின் வாய்க்கு நேராகப் பிடித்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

"வேணாம்டி. போனவன இழுத்துட்டு வராத."

"புள்ளைக்குத் தரமாட்டேன்னா சொல்லப்போறாரு?"

கரண்டிக் காம்பால் தட்டி உருண்டையை உடைத்தாள்.

உலையின் அனல் என் முகத்தில் அடித்தது. கரிப்புகை நெடி. பிறகு அந்த அறைக்குள் யாரோ நீளமாக, நிதானமாக ஊதினார்கள்.

டில்லி கண் திறந்தாள்.

நானும் குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். இப்போது தெருவெல்லாம் அவள் ஆட்டம்தான். கெசையாவின் முகத்தில் மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. அதனால்தான் நான் பார்ப்பதைப் பற்றி அவளிடம் வாயைத் திறப்பதில்லை.

குளிர் நாட்களில் டில்லி என் ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பாள். அவள் மூச்சு பட்டுக் கண்ணாடி வெளுக்கும். வெளுப்பு பரவும். நிற்காமல் பரவிக்கொண்டே போகும்.

அந்தக் குழந்தை மூச்சை வெளியே விடுவதைத்தான் பார்க்கிறேன். உள்ளே இழுப்பதை இன்றுவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.