எதிர் எடை

சக்கரவூரில் பொழுது விடிந்ததும் வீடு தன் எடையைச் சொல்லும். காப்பியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"நேற்றைவிடச் சற்று அதிகம்," என்றது தணிகைவேலின் வீடு. குரலில் குறை சொல்கிற தொனி துளியும் இல்லை. அதுதான் அவனுக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"என்ன வாங்கினே?" என்று மனைவியைக் கேட்டான்.

"நான் ஒண்ணும் வாங்கல. நீங்கதான் ராத்திரி ரெண்டு தோசை கூடச் சாப்பிட்டீங்க," என்றாள் செண்பகம்.

பூமிக்கும் நிலவுக்கும் நடுவே சுழன்றுகொண்டிருந்த ஊர் அது. சுழல்வதால்தான் அங்கே கால் தரையில் பதிந்தது, குழம்பு சட்டியில் நின்றது. ஒரு பக்கம் கனம் கூடினால் ஊர் முழுவதும் தள்ளாடும். ஆகவே ஒவ்வொரு வீட்டையும் ஓர் எடைத்தளத்தின் மேல் கட்டியிருந்தார்கள். எது தேவைப்பட்டாலும் மூலமாவை வார்ப்பானில் கொட்டி வார்த்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் கரைதொட்டியில் போட்டால் மறுபடி மாவாகி ஊர்க் கிடங்குக்குப் போய்விடும். ஒரு பொருளை வீட்டில் வைத்திருப்பவன் நாளையின்மேல் நம்பிக்கை இல்லாதவன் என்று அர்த்தம். மனிதர்களை அவர்கள் வீட்டில் இல்லாதவற்றை வைத்து எடைபோடும் பழக்கம் அப்படித்தான் வந்தது.

அதன் உச்சம் வெற்றுக்கொலு. முதலில் குடியேறியவர்களுக்குப் பொம்மை கொண்டுவர அனுமதி இல்லை. நவராத்திரிக்குப் படி மட்டும் கட்டி, வெள்ளைத் துணி விரித்து, அதைப் பார்த்து அழுதார்கள். பேரப்பிள்ளைகள் அந்த வெறும் படியைத்தான் பண்டிகை என்று எடுத்துக்கொண்டார்கள். இப்போது ஊரே வீடு வீடாகப் போய் வெறும் படியைப் பார்த்து, "உங்க மூணாம் படி ரொம்ப நல்லா அமைஞ்சிருக்கு," என்று சொல்லிவிட்டு வரும். சுண்டல் உண்டு. கையில் வாங்கி அங்கேயே தின்றுவிட வேண்டும். கிண்ணம் கேட்பவர்களை அடுத்த வருடம் யாரும் கூப்பிடுவதில்லை.

தணிகைவேலுக்கு இந்த ஊரில் ஒரே ஒரு நோய்தான். அதன் பெயர் மாசிலாமணி. செண்பகத்தின் அக்கா மல்லிகாவைக் கட்டியவர், அவனுக்குச் சகலை. வாயால் "வாங்க சகலை" என்பான். மனதுக்குள் எப்போதும் "அவன்"தான். இருவரும் ஒரே தளத்தில், அடுத்தடுத்த வீட்டில், ஒரே மாதிரிச் சுவரைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்தவர்கள். இருவருக்கும் காற்றுச் சல்லடை சுத்தம் செய்யும் வேலை. பிறகு மாசிலாமணி மட்டும் வான்வீட்டுக்குப் போய்விட்டார்.

சக்கரத்தின் அச்சிலிருந்து எதிரெதிராக இரண்டு நீண்ட கைகள் வெளியே நீண்டிருக்கும். துலாக்கை என்று பெயர். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு வான்வீடு. ஊருக்கே சன்னல் இல்லாதபோது அந்த இரண்டு வீட்டுக்கு மட்டும் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. சக்கரம் ஒருமுறை சுற்றினால் பூமி ஒருமுறை கண்ணாடியைக் கடந்து போகும். அங்கே வாழ்பவர்கள் கிளம்பிப் போனால், கீழே இருப்பதிலேயே எடை குறைந்த வீட்டாருக்கு இடம் கிடைக்கும். விருந்தாளிகளுக்கு அங்கே அனுமதி இல்லை. கூட நாலு பேர் ஏறினால் கை ஆடிவிடும் என்றார்கள்.

அந்த வருடக் கொலுவுக்கு மாசிலாமணி இறங்கி வந்தார். படியைப் பார்ப்பதற்கு முன் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். அவருடைய கண் சமையல் மேடையில் நின்றது.

"ரெண்டு டம்ளர் வச்சிருக்கீங்களா சகலை?"

"ரெண்டு பேர் இருக்கோமே," என்றான் தணிகைவேல்.

"அதுவும் சரிதான்." மாசிலாமணி சிரித்தார். "நானும் மல்லிகாவும் ஒண்ணுலதான் குடிக்கிறோம். முதல்ல சங்கடமாத்தான் இருந்துச்சு. பூமியைப் பார்த்துக்கிட்டே குடிச்சா பழகிடும்." சுண்டலை வாயில் போட்டுக்கொண்டு, ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்ததுபோலச் சொன்னார். "எங்க எதிர்க்கையில இருந்த பெரியவர் பூமிக்கே திரும்பிட்டார். வீடு காலி. உங்ககிட்டச் சொல்லலாமான்னு யோசிச்சேன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"இல்ல, நாற்காலி எல்லாம் போட்டு உட்கார்றீங்க. உங்களுக்குச் சரிப்படாது."

அவர் போன பிறகு தணிகைவேல் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றான். மறுநாள் அது கரைதொட்டிக்குப் போயிற்று.

அதற்குப் பின் அவன் நிற்கவே இல்லை. ஊரில் எல்லோரும் செய்வதுபோல எளிமைக்கான சாமான்களை முதலில் வாங்கினான். மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் போர்வை. வேட்டியாகவும் துண்டாகவும் திரையாகவும் ஆகும் ஒரே துணி. உதறி என்ற எந்திரம். அது வீடு முழுக்க நடந்து ஒவ்வொரு பொருளாக எடுத்துக் காட்டி, "இது இல்லாமல் நீங்கள் செத்துவிடுவீர்களா?" என்று கேட்கும். யாரும் சாகமாட்டார்கள் என்பதால் எல்லாம் போயிற்று. கட்டில், சட்டி, தோசைக்கல், தலையணை, இரண்டாவது டம்ளர். வீட்டில் மீந்த கனமான பொருள் உதறிதான் என்று தெரிந்ததும் அதனிடமே அதே கேள்வியைக் கேட்டான். அது சற்று யோசித்துவிட்டுத் தானே நடந்து போய்க் கரைதொட்டியில் இறங்கியது.

சாப்பாடு குழாயிலிருந்து பசையாக நேரே வாய்க்கு வந்தது. படுக்கை தரை. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்து, முகம் இறுகித் திரும்பினார்கள். அப்படித் திரும்பும் முதுகுகளைப் பார்ப்பதில் அவனுக்கு ஒரு சுகம் இருந்தது. ஆனால் அடுத்த நிமிடமே, மாசிலாமணி வீட்டில் இதுகூட இருக்காது என்று தோன்றும். சுகம் வடிந்துவிடும்.

கடைசியில் செண்பகத்தின் கூறைப்புடவை ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. பூமியில் நெய்தது. அவள் கொள்ளுப்பாட்டி காலத்தில் வந்து இறங்கிய பட்டு. வார்ப்பானால் அதைத் திரும்ப வார்க்க முடியாது.

"அது ஒண்ணு இருக்கட்டுங்க."

"அக்காவோடது இருக்கான்னு கேளு."

"நான் எதுக்குக் கேட்கணும்?"

"இருக்காது. அவங்க ஒரே டம்ளர்ல குடிக்கிறவங்க."

"என்னையும் கரைச்சிடுங்களேன். ஒரேயடியா ஐம்பத்தஞ்சு கிலோ குறையும்."

அவன் அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தான். அந்த யோசனையை நிஜமாகவே மனதில் போட்டுப் பார்த்தானோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. புடவையை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"ஒண்ணு சொல்லிடறேன். நான் பிறந்ததிலேருந்து இந்தச் சுவரைத்தான் பார்க்கறேன். மேல போனா நாள் முழுக்கக் கண்ணாடிகிட்டதான் உட்காருவேன். பூமியைப் பார்ப்பேன். அதுக்காகத்தான் இதைத் தர்றேன். உங்க சகலைக்காக இல்ல."

"பாரு. யார் வேண்டாம்னா?"

வீடு கிடைத்தது. சக்கரவூர் வரலாற்றிலேயே இவ்வளவு லேசான வீடு இருந்ததில்லை என்று அறிவித்தார்கள். இருவரும் வெறுங்கையோடு துலாக்கையின் நுனிக்கு ஏறினார்கள். கதவு திறந்தது. நீளமான வெற்று அறை, கோடியில் கண்ணாடிச் சுவர். செண்பகம் நேரே போய் அதன் முன் உட்கார்ந்தாள். இருட்டு, பிறகு நட்சத்திரம், பிறகு நீலமும் வெள்ளையுமாகப் பூமி உருண்டு வந்து மெல்லக் கடந்து போயிற்று. தணிகைவேலும் பார்த்தான். இதைத்தானே அவன், அந்த மாசிலாமணி, மூணு வருஷமா தினமும் பார்த்திருக்கான் என்று நினைத்தான். பூமி பழசாகிவிட்டது.

மறுநாள் காலை கதவைத் தட்டி எடைச்சமன் அலுவலர் நப்பின்னை வந்தாள். அவளுக்குப் பின்னால் சுமை எந்திரங்கள் கன்னங்கரேலென்ற கசடுக்கற்களைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நின்றன.

"எங்க வீட்டுக்கா?" என்றான் தணிகைவேல்.

"எதிர் எடை சார். எதிர்க்கைக்குச் சமமா நிக்கணும்ல."

"எதிர்க்கையில என் சகலை இருக்கார். அவர் வீட்டுல ஒண்ணுமே கிடையாதே."

நப்பின்னை அவனை ஒரு மாதிரிப் பார்த்தாள். "யாரு, மாசிலாமணி சாரா?" கையிலிருந்த திரைத்தகட்டைத் திருப்பி எதிர்வீட்டைக் காட்டினாள்.

அறை முழுக்கப் பீரோக்கள். ஒன்றின் மேல் ஒன்றாக நாற்காலிகள். தேக்கு நிறத்தில் இரட்டைக் கட்டில், அதன் மேல் இன்னொரு கட்டில். மூன்று மாவரைக்கும் எந்திரங்கள். ஆளுயர யானைப் பொம்மை. நடுவே மல்லிகா உடம்பை ஒருக்களித்துக்கொண்டு நடந்து போனாள். அவள் கையில் ஒரு டம்ளர் அடுக்கு இருந்தது.

"வான்வீட்டுக்கு எடைக் கட்டுப்பாடு கிடையாதா?" என்று கேட்டான் தணிகைவேல்.

"ரெண்டு கையும் சமமா இருந்தாப் போதும். எவ்வளவுன்னு யாரும் கேட்க மாட்டோம்."

"அப்போ எதுக்குக் கீழே இருக்கிறதுலேயே லேசான வீட்டைத் தேடிப் பிடிக்கிறீங்க?"

"இடம் வேணும்ல சார். நீங்களும் சாமானோட வந்தா இந்தக் கல்லை எங்க வைக்கிறது? முன்னால இருந்த பெரியவர் பாவம், கல்லுக்கு நடுவுலதான் தூங்கினாரு. தாங்க முடியாமத்தான் பூமிக்கே போயிட்டாரு."

எந்திரங்கள் உள்ளே நடந்து கண்ணாடியை நோக்கிப் போயின. செண்பகம் எழுந்து குறுக்கே நின்றாள்.

"இங்க வேண்டாம். அந்தப் பக்கம் வைங்க."

"முடியாதும்மா. உங்க அக்கா வீட்டுல பீரோ எல்லாம் கண்ணாடியை ஒட்டித்தான் இருக்கு. நேர் எதிரா வைக்கலேன்னா கை முறுக்கிக்கும்."

"அப்போ அக்கா பூமியைப் பார்க்கிறதே இல்லையா?"

"முதல் வாரம் பார்த்தாங்களாம்," என்றாள் நப்பின்னை.

கண்ணாடி கீழிருந்து மேலாகக் கறுத்துக்கொண்டே வந்தது. தணிகைவேல் ஓரமாக நின்றான். சகலை பொய் சொன்னது அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த இடத்தில் தானும் அதையேதான் சொல்லியிருப்பான். அவனை உறுத்தியது வேறு. அங்கே பீரோ, இங்கே கல்.

"ஏம்மா, கல்லுக்குப் பதிலா அதே எடைக்கு வேற ஏதாவது வச்சுக்கலாமா?"

"தாராளமா. எடை சரியா இருந்தா யானையே வச்சுக்குங்க."

அன்று சாயங்காலமே வார்ப்பான் ஓடத் தொடங்கியது. முதலில் ஒரு பீரோ. மாசிலாமணியின் பீரோவில் இருந்ததைவிட அகலமான ஆடி பதித்தது. அந்த ஆடியால் கூடிய கனத்துக்கு மறுநாள் எதிர்க்கையில் ஒரு கல் இறக்கினார்கள். மாசிலாமணிக்கு வயிறு எரிந்தது என்று நப்பின்னை வந்து சொன்னாள். அவரும் கல்லுக்குப் பதிலாக ஏதாவது வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாராம். இரண்டே நாளில் அங்கே ஓர் ஊஞ்சல் வந்தது. இங்கே ஊஞ்சலும் அதற்கு வெள்ளிச் சங்கிலியும் வந்தன. அங்கே இரண்டாவது யானை. இங்கே யானைமேல் அம்பாரி.

கற்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. சில மாதங்களில் நப்பின்னையின் எந்திரங்களுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. ஒருவர் வீட்டில் ஒரு கரண்டி கூடினால், எடை பார்க்கும் கணிப்பான் அதைக் கண்டுபிடிப்பதற்குள் எதிர்வீட்டில் அதே கனத்துக்கு ஒன்று வந்துவிடும். ஊர் தள்ளாடுவது நின்றது. விளிம்பு வரை ஊற்றிய காப்பிகூடச் சிந்தவில்லை.

"எங்க பொறியாளர்கள் எவ்வளவோ முயற்சி பண்ணாங்க சார். இவ்வளவு துல்லியமா வந்ததே இல்ல," என்றாள் நப்பின்னை, அவனுடைய மூன்றாவது பீரோவில் சாய்ந்தபடி. நிற்க வேறு இடம் இல்லை. "ஆட்சிக்குழுவில உங்க ரெண்டு பேரையும் ரொம்பப் பாராட்டினாங்க."

"யார் பேரை முதல்ல சொன்னாங்க?"

அவள் யானையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு நகர்ந்தாள்.

அடுத்த நவராத்திரிக்குத் தணிகைவேல் கீழே இறங்கினான். அவனைப் பார்த்ததும் சனங்கள் வழிவிட்டார்கள். இவ்வளவு லேசாக வாழ்ந்த மனிதர் இந்த ஊரிலேயே கிடையாது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஒரு வீட்டில் படியைப் பார்ப்பதற்கு முன் சமையல் மேடையைப் பார்த்தான். "தட்டு வச்சிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டான். அந்த வீட்டுக்காரனின் முகம் சுருங்கியதைப் பார்த்தபோது சுண்டல் கூடுதலாக ருசித்தது.

திரும்பி வந்து, பக்கவாட்டில் நகர்ந்து, அலமாரிகளைத் தாண்டி, யானையின் தும்பிக்கைக்கு அடியில் குனிந்து உள்ளே போனான். செண்பகம் கண்ணாடிப் பக்கம் நின்றிருந்தாள். இரண்டு பீரோக்களுக்கு நடுவே ஒரு கை அகலத்துக்கு இடுக்கு மீந்திருந்தது. அதில் கன்னத்தை அழுத்தி ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். பூமி அந்த இடுக்கில் கீற்றாகத் தெரிந்து மறைந்தது. அவள் நகரவில்லை. அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தாள்.

தணிகைவேல் அவளுக்குப் பின்னால் நின்று அந்த இடுக்கைப் பார்த்தான்.

"சகலை வீட்டுல செருப்பு அலமாரி வச்சிருக்காங்களாம். ஒல்லியா, உயரமா. கொஞ்சம் தள்ளு, அளந்துக்கறேன்."

அவள் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்காமலே கேட்டாள். "நம்மகிட்ட செருப்பே கிடையாதே."

"அவர்கிட்ட மட்டும் இருக்கா?" என்றபடி இடுக்கில் கையை நீட்டிச் சாண் போட ஆரம்பித்தான்.