பின்வாசல் விளக்கு மூன்று முறை உடைந்தது

“வெளக்கை உடைச்சிட்டு உள்ள வரத்தான் பாக்குறான் அக்கா,” என்றாள் வாசலில் நின்ற பெண். பதற்றத்தில் செருப்பைக்கூட இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

தீயணைப்புத் துறையில் விபத்துகளின் காரணத்தைத் துருவித் துருவியே ஓய்வுபெற்றவர் அக்கா. அந்த வட்டாரத்தில் அவருக்கு ‘அக்கா’ என்பது ஒன்றுதான் பெயர். அவருடைய தம்பி, கடையை மூடிவிட்ட தையல்காரர், அதற்குள் குடையோடு தயாராக நின்றார்.

வழியில் அவள் விவரம் சொன்னாள். பின்வாசலுக்கு மேலிருக்கும் ஃபிளட் லைட் பல்பு ஒரே வாரத்தில் மூன்று முறை உடைந்துவிட்டது. முதல் இரண்டு முறை, மழை தொடங்கிய கணமே ‘டப்’பென்று வெடித்தது. மழைச் சத்தத்தில் காலடி கேட்காது என்று கணக்குப் போட்டுத்தான் எவனோ வருகிறான் என்றாள். மூன்றாவது நேற்று சாயங்காலம், லாரி ஓட்டும் அவள் கணவன் வெளியூருக்குக் கிளம்ப இருந்தபோது. அவன் பயணத்தை நிறுத்திவிட்டான். பக்கத்துக் கிடங்குக் காவலாளிதான் என்று முடிவுகட்டி, இன்று ஆறு மணிக்குப் போலீஸில் எழுதிக் கொடுக்கப் போகிறான்.

“அந்தாளு வேலை போயிடும்க்கா. ஆனா அவரு இல்லன்னா வேற யாரு? அதைக் கேக்கத்தான் உங்ககிட்ட ஓடி வந்தேன்.”

கூடத்துக்குள் நுழைந்ததும் தம்பி கண்ணை இடுக்கினார். “என்னம்மா, ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருக்கு?”

“நல்ல பல்பு. வர்றவங்க பாக்கட்டுமேன்னு நான்தான் மாட்டச் சொன்னேன்,” என்றார் அவளுடைய மாமியார். கூரையில் தடித்த கண்ணாடி பல்பு ஒன்று கொதித்துக்கொண்டிருந்தது.

பின்வாசலில் தம்பி மண்ணைக் கிளறினார். “எறிஞ்ச கல்லைக் காணோமே அக்கா!”

“இருந்தாத்தானே கிடைக்கும்?” மருமகள் நேற்றுக் கூட்டி வைத்திருந்த சில்லுகளை அக்கா புரட்டினார். அதில் பல்பின் பித்தளை அடிப்பகுதியும் கிடந்தது. “முதல் ரெண்டு தடவை இது எங்கம்மா இருந்துச்சு?”

“மேலயே, ஹோல்டர்ல. அவரு குறடு வெச்சுத் திருகி எடுத்தாரு.”

கொடியில் பாத்திரம் இறக்கும் துணி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அதில் வட்டமாக ஒரு கருகல். அக்கா அதை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். கணவனும் வந்து உட்கார்ந்தான்.

“வெளியில மாட்ட வேண்டிய பல்புக்குக் கண்ணாடி தடிப்பா இருக்கும். மழை பட்டாலும் தாங்கும். உங்க வீட்டுல அது கூடத்துல எரியுது. வீட்டுக்குள்ள எரிய வேண்டியது வெளிய நனையுது. சூடேறின மெல்லிசு கண்ணாடியில மழை விழுந்தா வெடிக்காம என்ன பண்ணும்? முதல் ரெண்டையும் உடைச்சது மழை.”

“நேத்து மழையே இல்லையே!” என்றார் தம்பி.

“அதேதான். தானா வெடிச்சா பித்தளை ஹோல்டர்லயே நிக்கும். நேத்து அதுவும் கீழ கிடந்துச்சு. எரியிற பல்பை யாரோ துணியால பிடிச்சுக் கழட்டிக் கீழ போட்டிருக்காங்க. இந்த வீட்டுத் துணியால.”

மாமியார் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார்.

“முத ரெண்டையும் எவனோதான் உடைச்சான்னு நெனச்சேன்,” என்றார் கடைசியில். “இவன் லாரியில ஏறிட்டா நாங்க ரெண்டு பொம்பளைங்க என்ன பண்றது? இன்னொன்னும் உடைஞ்சா நின்னுடுவான்னு... ஸ்டூல் போட்டு ஏறினேன்.”

“நல்லதை உள்ள மாட்டி, திருடனை நீயே வரவழைச்சிருக்கியேம்மா,” என்றான் மகன். கோபப்பட முயன்றான், முடியவில்லை. காவலாளியிடம் பேசக் கிடங்குப் பக்கம் நடந்தான்.

கூடத்து பல்பு பின்வாசலுக்குப் போனது. மருமகள் ஸ்டூலிலிருந்து இறங்கவும் முதல் துளி விழவும் சரியாக இருந்தது. அவள் காதைப் பொத்திக்கொண்டாள். மாமியார் அவள் முழங்கையைப் பற்றினார்.

மழை வலுத்தது. பல்பின் மேல் விழுந்த துளிகள் சீறின, ஆவியாயின. வெளிச்சம் அப்படியே நின்றது.

“உள்ள வாங்க அத்தை, நனையுறீங்க,” என்றாள் மருமகள்.

“இரு,” என்றார் மாமியார். “இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கறேன்.”