கடைசிப் பந்தி

கோபிச்செட்டிபாளையத்தில் 2094ஆம் ஆண்டிலும் சனிக்கிழமை சனிக்கிழமையாகத்தான் இருந்தது. சாப்பாடுதான் சாப்பாடாக இல்லை. காலை பத்து பதினாலுக்குப் பூவாத்தாளின் மணிக்கட்டில் உணவுமானி அதிர்ந்தது. தெருமுனை ஊண்பொறியில் கையை நீட்டினாள். நூற்றெண்பது கிராம் கூழ், அவளுடைய ரத்தத்துக்கும் எலும்புக்கும் கணக்குப் போட்டுக் கலந்தது, ஒரு குழலில் வந்தது. நின்றபடியே உறிஞ்சி முடித்தாள். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பத்து முப்பத்தொன்று. அவருடைய கூழ் வேறு, நேரம் வேறு. நாற்பது வருடத்துக்கு மேலாக ஊரில் இரண்டு பேருக்கு ஒரே வேளையில் பசித்ததில்லை.

அதன் பலனைக் குறை சொல்ல முடியாது. சர்க்கரை நோய் போயிற்று, தொப்பை போயிற்று. கூடவே அடுப்பும் போயிற்று.

அடுப்பு மிச்சமிருந்த ஒரே இடம் பாரியூர் சாலையில் இருந்த நினைவில்லம். மறதி நோயாளிகளுக்கு அங்கே சனிக்கிழமைதோறும் கூட்டுச் சமையல். பிள்ளைகளின் முகம் மறந்தவர்கள்கூடக் கடுகு வெடித்ததும் கறிவேப்பிலைக்குக் கை நீட்டுகிறார்கள் என்று மருத்துவர்கள் கண்டுபிடித்து, தீ மூட்ட அரசிடம் சிறப்பு அனுமதி வாங்கியிருந்தார்கள்.

பூவாத்தாளின் அம்மா அங்கேதான் இருந்தாள். பெயர் தன்ஷிகா. அந்தக் காலத்துக் கிழவிகளுக்கெல்லாம் அப்படித்தான் பெயர்: தன்ஷிகா, ரித்திகா, மோனிஷா. பூவாத்தாள் தலைமுறையில்தான் நாகரிகமாகப் பெயர் வைக்கத் தொடங்கினார்கள்.

அன்று அரிசிம்பருப்புச் சாதம். கூடத்துக்குள் நுழையும்போதே ஒரே கலகலப்பு. ட்ரோன் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற அஸ்வின் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே தன் கல்யாணத்துக்கு எல்லோரையும் அழைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு எண்பத்திரண்டு வயது. ரித்திகா அப்பளம் பொரித்தபடி நல்ல குரலில் தப்பும் தவறுமாய்ப் பாடினாள். பெரிய அடுப்பின் முன்னால் தன்ஷிகா, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மற்ற பதினொரு பேரையும் விரட்டி வேலை வாங்கினாள்.

"ஏனுங் அஸ்வின், வெங்காயத்த உரிக்கச் சொன்னா முழுங்கிட்டு இருக்கறீங்களா?"

பூவாத்தாளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது. இவ்வளவு உற்சாகமாகச் சமைக்கும் அம்மா ஒரு கவளம் சாப்பிடுவதில்லை. மற்ற நாளில் கூழையும் இரண்டு மடக்குக்கு மேல் தொடுவதில்லை. கெஞ்சியும் பார்த்தாயிற்று, அதட்டியும் பார்த்தாயிற்று. வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். எடை முப்பத்தாறு கிலோவுக்கு இறங்கிவிட்டது.

"இன்னைக்கும் சாப்பிடலைன்னா திங்கக்கிழமை மூக்கு வழியாக் குழாய் போட்டுருவாங்க" என்றாள் கண்காணிப்பாளர் குமுதவல்லி. "குழாய் போட்டவங்களை அடுப்புப் பக்கம் விட எனக்கு அனுமதி இல்லை."

பூவாத்தாள் தலையசைத்துவிட்டு மற்ற உறவினர்களோடு சுவரோரம் போய் நின்றாள். தரையில் மஞ்சள் கோடு. உறவினர்கள் பார்க்கலாம், உண்ணக் கூடாது. அவரவர் அளவு கெட்டுவிடுமே.

இலை போட்டார்கள். பதினொரு பேருக்கும் தன்ஷிகாவே குனிந்து குனிந்து பரிமாறினாள். சாதம், நெய், அப்பளம், தயிர். குமுதவல்லி அவள் தோளைப் பிடித்து உட்காரச் சொன்னாள்.

"ஆகட்டுங்க, சித்தெ இருங்க" என்று நழுவிய தன்ஷிகா, கரண்டியும் கையுமாக மஞ்சள் கோடு வரை வந்தாள். சுவரோரம் நின்ற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். அவள் முகம் வாடிப்போயிற்று. திரும்பி அடுப்புக்கே போனாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே கதைதான். கோப்பில் இதை 'இலக்கில்லாத நடமாட்டம்' என்று எழுதியிருந்தார்கள்.

அன்று ஆறு தடவை வந்து போனாள். ஏழாவது தடவை பூவாத்தாளின் முன்னால் நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, இத்தன சனம் நின்னுட்டே இருந்தா எப்புடிங்க? எங்க மேல ஏதாச்சும் வருத்தமுங்களா?"

பூவாத்தாளுக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் இலையில் இருந்த அஸ்வின் வாய் நிறையச் சாதத்தோடு சத்தம் போட்டார்.

"விருந்தாளிக பசியோட நிக்கையில ஊட்டுக்காரம்மா எப்புடீங்க சாப்புடும்? அவங்களுக்குக் கடைசிப் பந்திதானுங்களே!"

பூவாத்தாளுக்கு அப்போதுதான் விளங்கியது. அம்மாவுக்குச் சாப்பிட மறந்துபோகவில்லை. முறை மறக்காததால்தான் பட்டினி கிடந்திருக்கிறாள். பந்தி முடியவே முடியாதபடி கோடு போட்டு வைத்தது நாம்தான்.

அவள் குமுதவல்லியைப் பார்த்தாள். குமுதவல்லி மஞ்சள் கோட்டைப் பார்த்தாள், பிறகு கூரையைப் பார்த்தாள். அதிகாரிகள் அனுமதி கொடுப்பது சில நேரம் அப்படித்தான்.

பூவாத்தாள் கோட்டைத் தாண்டி, மிச்சமிருந்த இலைக்கட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டு, அதன் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். தயங்கித் தயங்கி மற்றவர்களும் இலை போட்டு உட்கார்ந்தார்கள். தன்ஷிகாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கரண்டி பறந்தது.

முதல் கவளத்திலேயே பூவாத்தாளின் நாக்கு திகைத்துப்போயிற்று. பூண்டு கடிபட்டது. சூடு சுட்டது. மணிக்கட்டு சிவப்பாக அலறியது. அதை மடிக்குள் மறைத்துக்கொண்டாள்.

"போதுமுங்களா?" என்று அம்மா கேட்டாள்.

இந்த நாற்பது வயதுக்குள் அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. ஊண்பொறி கேட்காது, அதுவே நிறுத்திவிடும். போதுமா போதாதா என்று தன் வயிற்றைத் தானே விசாரிப்பது எப்படி என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. இலையை வழித்துச் சுத்தமாக்கிவிட்டுப் பேசாமல் இருந்தாள். அடுத்த கரண்டி விழுந்தது. அதையும் தின்று தீர்த்தாள். இன்னொன்று விழுந்தது. நான்காவது கரண்டிக்கு மூச்சு வாங்கியது.

"இலைய மடிச்சாத்தானுங்க விடுவாங்க" என்றார் அஸ்வின், அடக்க முடியாத சிரிப்போடு.

அவள் அவசரமாக மடித்தாள்.

"ஐயையோ, அந்தப் பக்கம் மடிக்காதீங்க! அது எழவு ஊட்டுலீங்க! உங்க பக்கமா மடிங்க!" என்று அஸ்வின் பதறினார்.

கூடமே சிரித்தது. பூவாத்தாள் வெட்கத்தோடு இலையைத் திருப்பித் தன் பக்கமாக மடித்தாள். அவளைப் பார்த்துச் சுவரோரத்துச் சனமெல்லாம் ஒவ்வொருவராக மடித்தார்கள். தன்ஷிகா வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பார்த்தாள். எல்லாம் மடித்த இலைகள். திருப்தியோடு பெருமூச்சு விட்டு, கையைக் கழுவிக்கொண்டு, ஓரமாகக் கிடந்த வெற்று இலையின் முன்னால் தானாகவே போய் உட்கார்ந்தாள்.

குமுதவல்லி அசையாமல் நின்றாள். பூவாத்தாள் எழுந்து அடுப்பங்கரைக்கு ஓடினாள். கரண்டி பிடித்துப் பழக்கமில்லாத கை. சாதம் இலையில் பாதி, தரையில் பாதி விழுந்தது. நெய் ஊற்றினாள். பக்கத்தில் மண்டியிட்டுக் காத்திருந்தாள்.

தன்ஷிகா பிசைந்தாள். உருட்டினாள். வாயில் போட்டுக்கொண்டாள். உப்பு சரியாக இருக்கிறது என்று தனக்குத்தானே தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு வேகவேகமாக, பல நாள் பசியோடு, இலையில் இருந்ததை எல்லாம் சாப்பிட்டாள்.

"போதுமுங்களா?" என்று பூவாத்தாள் கேட்டாள்.

தன்ஷிகா நிமிர்ந்து அவளை ஊன்றிப் பார்த்தாள். மகள் என்று தெரிந்ததோ, விருந்துக்கு வந்து ஒத்தாசை செய்கிற யாரோ ஒரு பெண் என்று நினைத்தாளோ, சொல்வதற்கில்லை.

"இன்னொரு கரண்டி போடு கண்ணு" என்றாள்.