நாலு கிலோ பித்தளை

"செருப்போட ஏறக் கூடாதுங்க... பெருசா எழுதி ஒட்டியிருக்கே, படிக்கலையா?"

"படிச்சேன். தரை ஈரமா இருக்கு. வழுக்கி விழுந்தா நீங்களா தூக்குவீங்க?"

"நான் தூக்கறவன் இல்லைங்க... நிறுத்துப் பார்க்கறவன்."

சொல்லிவிட்டு அவன் நிமிர்ந்தான். அவ்வளவுதான்... அவள் செருப்பையே மறந்துபோனாள்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. சன்னல் கண்ணாடி முழுக்கத் தண்ணீர் வழிந்த அந்த மங்கலிலும் அவன் கண்கள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. தூங்கி எழுந்த குழந்தையின் கண்கள்... மேலே ஒரு பழைய மூக்குக்கண்ணாடி. அதன் ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கடையில் ஏழு வருடமாக வேலை பார்ப்பவளுக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? கை துறுதுறுவென்றது.

'ஐயோ, வந்த வேலையைப் பார்டி' என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

வந்த வேலை என்ன தெரியுமா? பொய் சொல்வது. வாயால் அல்ல, எடையால்.

தொளதொள சட்டைக்கு உள்ளே, இடுப்பைச் சுற்றி ஒரு துணிப்பை. அதற்குள் நாலு கிலோ பித்தளை. குழாய் வேலை செய்யும் அண்ணனின் பெட்டியிலிருந்து பொறுக்கி எடுத்த வால்வுகளும் மூட்டுகளும். அவள் உயரத்துக்கு எண்பத்திரண்டு கிலோ இருந்தால்தான் இந்த ஆஸ்பத்திரியில் இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்வார்கள். அவள் எடை எழுபத்தொன்பது. உலகத்தில் எல்லோரும் எடை கூடிவிட்டதே என்று அழ, மூன்று கிலோ குறைகிறதே என்று அழுத ஒரே பெண் இவளாகத்தான் இருக்கும்.

செருப்பைக் கழற்றிவிட்டு எடைமேடையில் ஏறினாள்.

'டிங்...'

பித்தளையோடு பித்தளை இடித்துக்கொண்டது. அவன் எண்ணைப் பார்க்காமல் அவளைப் பார்த்தான். ஒரு நொடி... இரண்டு நொடி... கெஞ்சுகிற மாதிரி அவள் கண்கள் எப்போது மாறின என்று அவளுக்கே தெரியாது.

அவன் குனிந்து எழுதினான். எண்பத்துமூன்று.

அப்பாடா, கேட்கவில்லை! இவன் காதுக்கும் ஒரு கண்ணாடி மாட்ட வேண்டும்போல என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வெளியே போனாள். பாவம்... அன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு வந்தது.

எதற்கு இந்தக் கூத்தெல்லாம்? ஒரு கல்யாணத்துக்காக. பெண் பார்க்க வந்தவர்களுக்கு எல்லாம் பிடித்திருந்தது, 'பொண்ணு கொஞ்சம் குறைச்சா நல்லாயிருக்கும்' என்பதைத் தவிர. மாப்பிள்ளையின் அக்கா இதே ஆபரேஷன் செய்து ஆறு மாதத்தில் முப்பது கிலோ குறைத்தவளாம். அதைக் கேட்டதும் அண்ணிக்குத் தூக்கமே போய்விட்டது.

"அவங்களால முடிஞ்சது உன்னால முடியாதா? முப்பது வயசாச்சு... இதையும் விட்டா வேற யாரு வரிசையில நிக்கறாங்க, சொல்லு?"

அந்த அக்கா ஆரம்பித்தது நூற்றிருபதில் என்பதை யாரும் யோசிக்கவில்லை. எழுபத்தொன்பதிலிருந்து முப்பதை எடுத்தால் மிச்சம் என்ன இருக்கும் என்று கேட்கவும் அந்த வீட்டில் ஆள் இல்லை.

ஆபரேஷன் நடந்தது. ஒரு குற்றமும் செய்யாத வயிற்றில் முக்கால்வாசியை வெட்டி எறிந்தார்கள். அதன்பின் சின்ன மூடியில் ஊற்றி ஊற்றித் தண்ணீர் குடிக்கும் வாழ்க்கை ஆரம்பித்தது.

முதல் மாதம் எடை பார்க்க வந்தாள். அந்தப் பிரிவில் நாற்காலிகளெல்லாம் கை இல்லாத அகல நாற்காலிகள். அவள் உட்கார்ந்தால் பக்கத்தில் இன்னொருவர் உட்காரலாம். காத்திருந்தவர்கள் 'இவளுக்கு எதுக்கு?' என்பதுபோல் பார்த்தார்கள். அவனும் பார்த்தான். ஆனால் அது வேறு பார்வை... அவளுக்கு என்ன வேலை என்று சீட்டில் படித்து வைத்திருந்தான் போல.

"வாங்க கண்ணாடி மேடம்... இன்னிக்குச் செருப்பு?"

"வாசல்லயே விட்டுட்டேன் தராசு சார். முதல்ல உங்க கண்ணாடியைக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"அது ஆடறதைப் பார்த்து ஒரு மாசமா எனக்குத் தூக்கமில்லை."

கைப்பையிலிருந்து குட்டித் திருப்புளியை எடுத்து, ஆடிய காலை இரண்டு சுற்றில் இறுக்கினாள். துடைத்து, அவன் காதில் அவளே மாட்டிவிட்டாள். விரல் பட்டது.

மற்றவர்களின் எடையை நர்ஸுக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்பவன், அவளுடையதை மட்டும் சத்தமில்லாமல் எழுதித் தாளைக் கவிழ்த்து வைத்தான். எழுபத்தைந்து.

அந்தத் தாளைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது.

"எட்டு கிலோவா? ஒரே மாசத்துலயா? நூத்தி இருபதுல ஆரம்பிக்கறவங்களுக்கு இப்படி இறங்கும்மா. உன்னை மாதிரி ஓரத்துல நிக்கறவங்களுக்கு இறங்க அவ்வளவு ஏது? மூணு, நாலுதான் குறையணும். உள்ள எங்கயாவது அடைச்சிருக்கா, பார்த்துடுவோம்."

அது எட்டு இல்லை, நாலுதான்... மிச்சம் நாலு பித்தளை! சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். சொன்னால் அண்ணிக்குத் தெரியும், மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியும், ஊரே சிரிக்கும். திறந்த வாய்க்குள் குழாயை விட்டார்கள். தொண்டை வழியாக இறங்கி, புண் ஆறாத வயிற்றைக் குடைந்து தேடியது. கண்ணீர் காதுக்குள் வழிந்தது. கதவோரத்தில் அவன் வெளுத்துப்போய் நின்றிருந்தான். எனக்காக ஒருத்தன் துடிக்கிறான் என்று அந்த வலியிலும் அவளுக்கு ஓர் ஆறுதல்.

அடுத்த மாதம் மூன்று கிலோ. அவள் எடைக்கு அதுதான் சரியான வேகம். ஆனால் எட்டுக்குப் பிறகு மூன்று என்றால் யார் நம்புவார்கள்?

"ஒளிச்சு ஒளிச்சு என்ன சாப்பிடறே? உண்மையைச் சொல்லு" என்றார் டாக்டரம்மா. ஒரு இட்டு நிரப்பிய எண், எடை வேகமாக இறங்கினாலும் குத்தியது, மெதுவாக இறங்கினாலும் குத்தியது.

மூன்றாம் மாதம் இரண்டு. நாலாம் மாதம் ஒன்றரை. அண்ணி சமையலறைச் சுவரில் எழுதிக் கணக்கு வைத்தாள். வீட்டில் அவளை யாரும் 'எப்படி இருக்கே?' என்று கேட்பதே இல்லை, 'எவ்வளவு இருக்கே?' என்றுதான். தலை வாரினால் முடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்தது. மாதத்தில் அந்த ஒருநாள் மட்டும்... அவள் மனசு றெக்கை கட்டிக்கொள்ளும்.

"என்ன மேடம், இந்த மாசம் மெலிஞ்சது முடி மட்டும்தானா?"

"ஆமா. அதையும் வெச்சு நிறுத்துக்குங்க, தள்ளுபடி குடுங்க."

"நீங்க நல்லா இருக்கீங்க... எப்பவுமே நல்லாத்தான் இருந்தீங்க" என்பான் குரலைத் தாழ்த்தி. எடையைச் சொல்லாமல் அவளைச் சொன்ன ஒரே ஆள். இவனை முதலில் பார்த்திருந்தால்... என்று நினைப்பாள். உடனே, பேசி வைத்த பெண்ணுக்கு இதென்ன நினைப்பு என்று தன் தலையில் குட்டிக்கொள்வாள். அவனும் ஒரு எல்லைக்கு மேல் பேசியதில்லை.

ஆறாம் மாதம் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அந்த அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"பதினாறுதானா? நான் முப்பது குறைச்சேனே... அதுவும் முகத்துல இருந்த களையே போயிடுச்சே. முன்னாடி பூசினாப்பல எவ்வளவு லட்சணமா இருந்தா!"

குறை என்றார்கள், குறைத்தாள். இப்போது முன்பே நன்றாக இருந்தாள் என்கிறார்கள். நல்ல நியாயம்! காபியைக் குடித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து போனவர்கள், மறுநாள் ஃபோனில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணி இரண்டு நாள் இவளோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் எடை பார்க்கும் நாள். அன்றும் மழை. எல்லோரும் போன பிறகு, நனைந்த முகத்தோடு அவன் அறைக்குள் வந்தாள்.

"கல்யாணம் நின்னுடுச்சு" என்றாள். அழவில்லை. குரல் மட்டும் வறண்டிருந்தது.

அவன் பேனாவை மூடினான். திறந்தான். மறுபடி மூடினான்.

"தப்பா எடுத்துக்காதீங்க... இதைச் சொல்ல இது நேரமான்னு தெரியலை. ஆனா எனக்கு... மாசத்துல ஒருநாள் போதலைங்க. தினமும் உங்களைப் பார்க்கணும்."

ஆறு மாதமாக உள்ளே காய்ந்து கிடந்த ஏதோ ஒன்று நனைந்தது. கண்களை மூடிக்கொண்டாள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் பொய்யின் மேல் கட்டிய ஒரு கல்யாணம் இடிந்து விழுந்த புழுதியே இன்னும் அடங்கவில்லையே.

"நான் நல்லவ இல்லைங்க. முதல்ல இதைக் கேளுங்க. அந்த எண்பத்திமூணு பொய். இடுப்புல நாலு கிலோ பித்தளை கட்டிட்டு வந்து உங்களை ஏமாத்தினேன்."

அவன் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். 'பரவாயில்லை' என்று ஒரு வார்த்தை சொல்லி அவளைக் கட்டிக்கொண்டிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அவன் கண்கள் கலங்கிவிட்டன.

"ஏமாத்தலை... எனக்குத் தெரியும்."

"எப்ப தெரியும்?"

"அன்னிக்கே. சத்தம் கேட்டுச்சு."

அவள் கண்களைத் திறந்தாள். "தெரிஞ்சா ஏன் எழுதினீங்க? இறங்கி, கழட்டி வெச்சுட்டு ஏறுன்னு சொல்றதுதானே உங்க வேலை? குழாய் விட்டப்பகூட பார்த்துட்டு நின்னீங்களே!"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"உண்மையை எழுதினா உங்களை அன்னிக்கே திருப்பி அனுப்பிடுவாங்க. அப்புறம் நீங்க இந்தப் பக்கமே வரமாட்டீங்க. ஆபரேஷன் ஆனவங்க மட்டும்தான் ஒரு வருஷம் மாசாமாசம் வரணும்... பார்த்ததுமே உங்களைப் பிடிச்சுப்போச்சு. திரும்பப் பார்க்கணும்னு தோணுச்சு. அந்த ஒரு நொடியில வேற எதுவும் யோசிக்கலை. குழாய் விட்டப்ப சொல்ல வந்தேன்... சொன்னா நீங்க என்னை வெறுத்துடுவீங்களேன்னு பயந்துட்டேன்."

அவள் நகரவில்லை. கை மட்டும் வயிற்றின் மேல் போய் நின்றது. ஆசையாய் ஒருத்தன் பார்த்த முதல் பார்வைக்கு விலை, அவள் இரைப்பையில் முக்கால்வாசி. திட்ட வேண்டும் என்று எவ்வளவோ வந்தது. திட்டு வெளியே வரவில்லை. அவனைவிட மெல்லிய குரலில் வேறொன்று வந்தது.

"எனக்கும் உங்களை அன்னிக்கே பிடிச்சிருந்துச்சுங்க... வாசல்ல நின்னு, ஒரு டீ குடிக்கலாமான்னு கேட்டிருந்தா வந்திருப்பேனே. அன்னிக்கு எனக்கு முழு டம்ளரும் குடிக்க வயிறு இருந்துச்சே..."